கிணற்று நீரில் ஆலைக் கழிவு: மாதிரி எடுப்பது முதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை

பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளும் நொய்யல் கரையில் சாயப்பட்டறைகளும் நிலத்தடி நீரைக் கெடுத்தது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த செய்திதான். வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அப்போதுதான் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறி, அணையால் பயனடைய வேண்டிய விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்த பிறகு வந்த உத்தரவு அது.

இவ்வளவு தீர்ப்புகள் இருந்தும் ஊர்மக்கள் கொடுக்கும் புகார்கள் பெரும்பாலும் முதல் ஆய்விலேயே படுத்துவிடுகின்றன. சட்டத்தில் இடமில்லாமல் அல்ல. தண்ணீரைத் தவறான பாட்டிலில், தவறான இடத்தில், யார் எடுத்தார்கள் என்ற பதிவே இல்லாமல் எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். ஆலைத் தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு மாதிரி எடுக்கும் அன்றைக்கே பதில் தயாராக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

முதல் வேலை: குடிப்பதை நிறுத்துங்கள்

ஆய்வறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்த கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் அன்றே நிறுத்துங்கள். சோறு வடிக்கும் தண்ணீரும் உடலுக்குள்தான் போகிறது. அடிபம்பில் "குடிக்க உகந்ததல்ல" என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதுங்கள்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு, நைட்ரேட், குரோமியம் எதுவும் போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். கேண்டில் பில்டர், யூ.வி. விளக்கு, படிகாரம், தேத்தாங்கொட்டை ஆகியவையும் கரைந்திருக்கும் உப்பையோ நைட்ரேட்டையோ எடுப்பதில்லை. ஆர்.ஓ. கருவி எடுக்கும், ஆனால் மெம்பரேன் பழுதானால் எந்த அறிகுறியும் காட்டாமல் விட்டுவிடும், வெளியேற்றும் கழிவுநீரில் அதே நஞ்சு இன்னும் செறிவாக இருக்கும். அதைக் கிணற்றோரக் குழியில் ஊற்றக் கூடாது.

நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கவே கூடாது. குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கும்.

லாரித் தண்ணீரோ கூட்டுக் குடிநீர் இணைப்போ கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். குடிநீருக்காக மட்டும் கொடுக்கும் இந்த மனுதான் பின்னால் "எப்போதிலிருந்து பாதிப்பு" என்பதற்கு முதல் ஆவணமாக நிற்கும்.

வரைபடமும் பதிவேடும்

ஆலை, வாய்க்கால், ஏரி, குப்பை மேடு, ஊரின் கிணறுகள், போர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று அம்புக்குறி போடுங்கள். நிலத்தடி நீர் பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, நிலத்தின் சரிவை ஒட்டியே நகரும். ஆலைக்கு மேட்டுப் பக்கம் இரண்டு கிணறுகளையும் பள்ளப் பக்கம் நான்கைந்து கிணறுகளையும் தேர்ந்தெடுங்கள். மேட்டுக் கிணறு இல்லாத ஆய்வுக்கு மதிப்பு குறைவு. "இந்தப் பாறையிலேயே உப்பு இருக்கிறது, ஆலைக்குச் சம்பந்தமில்லை" என்ற வாதம் நிச்சயம் வரும். அதே பாறையில், அதே ஆழத்தில், மேட்டுப் பக்கக் கிணறு நல்ல தண்ணீராக இருந்தால் அந்த வாதம் நிற்காது.

கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்று வாங்குங்கள். கரைந்த உப்பு கூடக் கூட நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடும்; அதை அளப்பது இது. கடையில் டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்) மீட்டர் என்று விற்பதும் உள்ளுக்குள் மின்கடத்துத்திறனைத்தான் அளக்கிறது. அதை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கும் எண் மீட்டருக்கு மீட்டர் மாறுவதால், மைக்ரோசீமென்ஸ் அளவைக் காட்டும் மீட்டரே நல்லது. மாதம் ஒருமுறையாவது 1413 மைக்ரோசீமென்ஸ் தரக்கரைசலில் (அளவு உறுதியாகத் தெரிந்த உப்புக் கரைசல்) முக்கிச் சரிபார்த்து, சரிபார்த்த தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஒவ்வொரு கிணற்றிலும் மாதம் ஒருமுறை அளந்து தேதி, நேரம், அளவு, நீர்மட்டம், நிறம், வாடை, கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பக்க எண் அச்சிட்ட நீள நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்து மேலே எழுதுங்கள். அழிக்கவோ தாளைக் கிழிக்கவோ கூடாது. ஆய்வகத்துக்கு அனுப்பும் பெரிய சுற்றுகளுக்கு ஜனவரியும் மே மாதமும் ஏற்றவை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கும் மாதங்களில் இவையும் அடக்கம் என்பதால் ஒப்பிட வசதி.

மீட்டரை நம்ப வேண்டிய இடமும் நம்பக் கூடாத இடமும் உண்டு. உப்பு ஏறுவதை அது உடனே காட்டும். குடிநீரில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதைப்போல் பல மடங்கு இருந்தாலும் மீட்டர் அசையாது. அளவு குறைவாகக் காட்டும் நீர் பாதுகாப்பான நீர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

எது முதலில் வரும், எது வராது

ஆலைத் தரப்பு அடிக்கடி வெல்லும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். குரோமியத்தில் மும்மதிப்பு, அறுமதிப்பு என இரு வடிவங்கள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மும்மதிப்புக் குரோமிய உப்பு. அது மண்ணில் ஒட்டிப் படிந்துவிடும். நிலத்தடி நீரோடு தூரம் போகாது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் சாப்பாட்டு உப்பின் குளோரைடு மண்ணில் ஒட்டுவதே இல்லை, தண்ணீரின் வேகத்திலேயே நகரும். ஆகவே தோல் ஆலைக் கழிவு கிணற்றை எட்டும்போது முதலில் ஏறுவது குளோரைடும் சோடியமும்தான். "குரோமியம் இல்லை, எனவே மாசு இல்லை" என்று அறிக்கை வந்தால் இதைச் சொல்லி மறுக்க வேண்டும்.

அறுமதிப்புக் குரோமியத்தின் குணம் வேறு. அது நீரில் கரைந்து வெகுதூரம் ஓடும், நீருக்கு மஞ்சள் நிறம் தரும், நஞ்சிலும் பல மடங்கு கொடியது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை வளாகத்தில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் கழிவு மேட்டிலிருந்து கசிவது இந்த வகைதான். அருகில் குரோமேட் தயாரிப்போ குரோமிய முலாம் பூசும் பட்டறையோ இருந்தால் மொத்தக் குரோமியம் மட்டும் போதாது; அறுமதிப்புக் குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள்.

சாயப்பட்டறைக் கழிவில் சோடியத்தோடு குளோரைடு அல்லது சல்பேட் ஏறியிருக்கும். எது என்பது அவர்கள் சாயம் பிடிக்க எந்த உப்பைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கூடவே நிறமும் வேதி ஆக்சிஜன் தேவையும் (கழிவை வேதிமுறையில் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன் அளவு) உயரும். வீட்டுச் சாக்கடை என்றால் நைட்ரேட்டும் கோலிபார்ம் கிருமியும் முன்னே நிற்கும். இந்தக் கலவைக்கூறுதான் கழிவின் கைரேகை. அதனால் ஒற்றை அளவைச் சோதிப்பது வீண்செலவு. மின்கடத்துத்திறன், அமிலகாரத்தன்மை, கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட், நைட்ரேட் என்ற அடிப்படைத் தொகுப்போடு அந்த ஆலைக்குரிய உலோகங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாட்டில்கள்

குளிர்பான பாட்டில், கேன், மருந்து சீசா எதுவும் வேண்டாம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடமிருந்தே, பதப்படுத்தும் அமிலம் விட்டுத் தயார் செய்த பாட்டில்களை வாங்குங்கள். நைட்ரிக் அமிலத்தை வீட்டில் கையாள வேண்டிய தேவையே இல்லை.

- அடிப்படை உப்புகளுக்கு: 1 அல்லது 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், பனிக்கட்டிப் பெட்டி.
- உலோகங்களுக்கு: நைட்ரிக் அமிலம் விட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அமிலம் இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்து வரும்.
- அறுமதிப்புக் குரோமியத்துக்கு: தனி பாட்டில், அமிலம் கூடாது. அமிலத்தில் அது மும்மதிப்பாக மாறிவிடக் கூடும். பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனை நடக்க வேண்டும்.
- வேதி ஆக்சிஜன் தேவைக்கு: கந்தக அமிலம் விட்ட பாட்டில்.
- உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கச் செலவாகும் ஆக்சிஜன்): காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பிய பாட்டில். பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.
- எண்ணெய்க்கு: அகன்ற வாய்க் கண்ணாடி பாட்டில். மாதிரி நீரால் அலசக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் சுவரில் ஒட்டும்.
- பூச்சிக்கொல்லிக்கு: ஒளிபுகாப் பழுப்புக் கண்ணாடி.
- கிருமிக்கு: ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது.

போர் நீரில் மாதிரி எடுத்தல்

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். தொட்டியில் பல நாள் நீரும் சில சமயம் லாரி நீரும் கலந்திருக்கும். மோட்டாருக்கு அடுத்த வாயில், ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

மோட்டாரைப் போட்டதும் வருவது குழாயில் தேங்கி நின்ற பழைய தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் குவளையில் பிடித்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மின்கடத்துத்திறனை அளந்து எழுதுங்கள். 2,850, 3,120, 3,290, 3,310, 3,300 என்று வந்தால் கடைசி மூன்றும் ஏறக்குறைய ஒன்றே; நீர்த்தாங்கியிலிருந்து (நீரைத் தாங்கி நிற்கும் நிலத்தடி அடுக்கு) புதிய நீர் வரத் தொடங்கிவிட்டது. இப்போது மாதிரி எடுக்கலாம். இந்த வரிசையை அப்படியே பதிவேட்டில் எழுதி வைப்பது பின்னால் பெரும்பலம்.

பாட்டில் ஈரமாவதற்கு முன்பே லேபிள் ஒட்டி, அழியாத மையில் குறியீட்டு எண், தேதி, நேரம், எடுத்தவர் பெயர், அமிலம் உண்டா இல்லையா என்பதை எழுதுங்கள். லேபிளில் கிணற்றுக்காரர் பெயரோ ஆலைக்கு எந்தப் பக்கம் என்பதோ வேண்டாம். ஆய்வகம் எதையும் அறியாமல் சோதிப்பதே நல்லது. எந்தக் குறியீடு எந்தக் கிணறு என்பது உங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அமிலமோ கிருமிநீக்கமோ இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி நிரப்புங்கள். அமிலம் விட்ட பாட்டிலை அலசினாலும் வழியவிட்டாலும் அமிலம் போய்விடும். கழுத்துவரை மட்டும் நிரப்புங்கள்.

கலங்கல் நீரில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் பட்டதும் வண்டல்மண்ணிலுள்ள உலோகமும் கரைந்து அளவு கூடிவிடும். ஆலைத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் தள்ளச் சொல்லும். அப்படிப்பட்ட கிணற்றில் இரண்டு பாட்டில் எடுங்கள்: ஒன்று அப்படியே, இன்னொன்று 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து. வடிகட்டியை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கலாம்.

திறந்த கிணற்றில் மேற்பரப்பு நீரை மொள்ளாமல், எடை கட்டிய சுத்தமான பாத்திரத்தை நடு ஆழத்துக்கு இறக்கி எடுங்கள். யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

இரண்டு கூடுதல் பாட்டில்கள் அவசியம். ஒன்றில் காய்ச்சி வடித்த நீரைக் களத்தில் ஊற்றி நிரப்பி மற்றவற்றோடு அனுப்புங்கள். அதில் உலோகம் வந்தால் பாட்டிலோ கையாண்ட முறையோ கெட்டது என்று பொருள். வராவிட்டால் "உங்கள் பாட்டிலே அசுத்தம்" என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடும். மற்றது, ஏதாவது ஒரு கிணற்றில் இரண்டாவது மாதிரியை வேறு குறியீட்டில் அனுப்புவது. இரண்டின் முடிவும் நெருங்கி வந்தால் ஆய்வகத்தை நம்பலாம்.

கிராம நிர்வாக அலுவலர் அல்லது ஊராட்சித் தலைவரோடு ஊரார் இருவரும் உடனிருந்து, எந்தக் கிணற்றில் எத்தனை மணிக்கு எத்தனை பாட்டில் எடுத்தீர்கள் என்று அங்கேயே ஒரு மஹஜர் (சாட்சிகள் முன் எழுதும் நேரடிப் பதிவு) எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதிகாரிகள் வர மறுத்தால் அழைத்ததற்கான கடிதத்தின் நகலே போதும். இடக்குறிப்போடு படம் எடுத்து, மூலக் கோப்பைப் போனிலிருந்து அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் தேதி, இடம் பற்றிய உட்பதிவு போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தேவை. அதற்கு மூலக் கருவியும் கோப்பும் இருந்தால்தான் எளிது.

பனிக்கட்டியைத் தனிப் பையில் கட்டிப் பெட்டியில் போடுங்கள். உருகிய நீர் லேபிளையும் மூடியையும் நனைக்கக் கூடாது. ஆய்வகம் பெற்றுக்கொண்ட நேரத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கழிவு வாய்க்காலில்

ஆலை வளாகத்துக்குள் போகாதீர்கள். அத்துமீறல் வழக்கு உங்கள் மேலேயே வரும். பொது வாய்க்கால், ஏரி, சாலையோரம் போதும். வெளியேற்றும் இடத்துக்கு மேலே ஒன்று, அந்த இடத்தில் ஒன்று, நன்றாகக் கலந்த பிறகு கீழே ஒன்று என மூன்று மாதிரிகள்.

கழிவைத் திறந்துவிடும் நேரம் பெரும்பாலும் இரவு, விடுமுறை நாள், அல்லது கனமழை. எந்த நாள், எந்த நேரம், என்ன நிறம் என்று இரண்டு மூன்று வாரம் குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரியும். தகவல் சொல்லும் ஆலைத் தொழிலாளர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது.

கழிவுத் தொட்டி, மூடிய சாக்கடை, சேற்றுக் குழி பக்கம் குனியாதீர்கள். தோல் கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும்; அளவு கூடியதும் மூக்கு மரத்து வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டதென்று கிட்டே போனவர்கள் மயங்கி விழுகிறார்கள், தூக்கப் போனவர்களும் விழுகிறார்கள். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். நீளக் கைப்பிடி வாளி, ரப்பர் பூட்ஸ், உடன் ஒருவர், இவை மூன்றும் இல்லாமல் யாரும் போக வேண்டாம்.

அறிக்கையை வாசிக்கும் முறை

முதலில் பார்க்க வேண்டியது கண்டறியும் வரம்பு. குரோமியத்துக்கு நேரே "கண்டறியும் வரம்புக்குக் கீழ்" என்று போட்டிருக்கும். பக்கத்தில் அந்த வரம்பு 0.1 என்றிருந்தால் அந்த அறிக்கை குடிநீருக்குப் பயனற்றது, ஏனென்றால் குடிநீர் வரம்பே 0.05. அவர்கள் கருவி காணக்கூடிய அளவு, சட்ட வரம்பை விடப் பெரியது. மாதிரி கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

அடுத்து, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு ஆய்வகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் ஆய்வகம் முழுமைக்கும் அல்ல, சோதனை வாரியாகத் தரப்படுவது. பிறகு கரைந்த திடப்பொருளை மின்கடத்துத்திறனால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.55-க்கும் 0.7-க்கும் இடையே வர வேண்டும். 0.3 என்றோ 1.1 என்றோ வந்தால் எங்கோ பிழை; மறுசோதனை கேளுங்கள்.

ஒப்பிட வேண்டிய இந்தியக் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. லிட்டருக்கு மில்லிகிராமில்: கரைந்த திடப்பொருள் 500, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை, குளோரைடு 250, அதேபோல் 1,000 வரை, சல்பேட் 200, 400 வரை, ஃபுளோரைடு 1.0, 1.5 வரை. நைட்ரேட் 45, மொத்தக் குரோமியம் 0.05, ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 ஆகியவற்றுக்குத் தளர்வே கிடையாது.

ஆற்றிலோ ஏரியிலோ விடும் ஆலைக்கழிவுக்கு வேறு அளவுகோல், அதே அலகில்: கரையாமல் நீரில் கலந்து மிதக்கும் திடப்பொருள் 100, மூன்று நாள் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 30, வேதி ஆக்சிஜன் தேவை 250, எண்ணெய் 10, அறுமதிப்புக் குரோமியம் 0.1, மொத்தக் குரோமியம் 2.0. கிணற்று நீரை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு "வரம்புக்குள்" என்று எழுதிய பதில் வந்தால் உடனே மறுப்பு எழுதுங்கள்.

உப்புக் கணக்கு

திரவக் கழிவே வெளியேற்றுவதில்லை என்று சொல்லும் ஆலையை அதன் சொந்தக் காகிதமே காட்டிக்கொடுக்கும். உப்பு மாயமாக மறையாது.

ஓர் எடுத்துக்காட்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று நாளைக்கு 500 கிலோலிட்டர் கழிவு பெறுகிறது, அதில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் லிட்டரை 6 கிராமால் பெருக்கினால் 30 லட்சம் கிராம், அதாவது நாளைக்கு 3 டன் உப்பு. எவாப்பரேட்டர் (நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் கருவி) வழியாகவோ கழிவு உப்பாகவோ மூட்டையில் நாளுக்கு 3 டன் வந்திருக்க வேண்டும். பதிவேட்டில் 400 கிலோ என்றிருந்தால் மீதி 2,600 கிலோ எங்கே போனது? ஒன்று தண்ணீராக வெளியே போயிருக்கும், அல்லது மூடியில்லாத கிடங்கில் மழையில் கரைந்திருக்கும், அல்லது போர்க்குழாய் வழியாக நிலத்துக்குள் இறக்கப்பட்டிருக்கும். கடைசியாகச் சொன்னது எல்லாவற்றிலும் கொடியது. அது நேராக நீர்த்தாங்கியைத் தொடும்.

இந்தக் கணக்குக்கான தாள்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதி, காலத்தைக் குறிப்பிட்டு இவற்றைக் கேட்கலாம்: நடப்பிலுள்ள இசைவாணையும் (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நிபந்தனைகளும், நீர் அளவி, மின் அளவி நாள்வாரிப் பதிவுகள், கழிவு, மீட்ட நீர், உப்பு ஆகியவற்றின் நாள்வாரி அளவு, வாரியம் எடுத்த மாதிரிகளின் முடிவுகள், இணையவழித் தொடர் கண்காணிப்புத் தரவு, அபாயகரக் கழிவின் ஆண்டறிக்கையும் அனுப்பீட்டுச் சீட்டுகளும் (கழிவை வெளியே அனுப்பும்போது எழுதும் சீட்டுகள்). சுத்திகரிப்பு நிலைய மின் அளவி நாலைந்து நாள் அசையாமல் நின்றிருந்தால் அந்த நாட்களில் கழிவு எங்கே போனது என்று கேட்கலாம். அபாயகரக் கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது 2016 விதி.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று தள்ளுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. பலரும் பயன்படுத்தாத இன்னொரு கதவு: 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவு, 6-வது உட்பிரிவு. இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் அலுவலக நேரத்தில் பார்வையிடலாம்.

அதிக மாசு உண்டாக்கும் 'சிவப்பு வகை' ஆலை ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிதாக வந்திருந்தால், அப்படி வருவதைத் தடுக்கும் 30.3.1989 தேதியிட்ட அரசாணை எண் 213-ஐப் பாருங்கள். அதன் இணைப்பில் உள்ள நீர்நிலைகளில் உங்கள் ஆறு இருக்கிறதா என்று சரிபார்த்து, நில அளவை வரைபடத்தில் தூரத்தைக் குறித்துச் சேருங்கள்.

புகார்

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வருத்தத்தை நீட்டாமல் தேதி, இடம், அளவு இவற்றை முன்னே வையுங்கள். நடுப்பத்தி ஏறத்தாழ இப்படி அமையட்டும்:

"இணைப்பு 1-இல் உள்ள வரைபடப்படி ஆலையின் பள்ளப் பக்கக் கிணறுகள் கி3, கி4, கி5 ஆகியவற்றில் குளோரைடு முறையே 1,420, 1,610, 1,380 மி.கி./லி. மேட்டுப் பக்கக் கிணறு கி1-இல் 160. எங்கள் முன்னிலையில் இக்கிணறுகளிலும் ஆலையின் வெளியேற்ற வாயிலிலும் நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி மாதிரி எடுத்து, அறிக்கை நகலை எங்களுக்கு வழங்கவும், 33ஏ பிரிவின்கீழ் உரிய உத்தரவு பிறப்பிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்."

பிரிவு எண்களுக்குக் காரணம் உண்டு. 21-வது பிரிவு வாரியம் முறைப்படி முன்னறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிடும் நடைமுறை. அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு அந்த மாதிரிதான் செல்லும். உங்கள் ஆய்வறிக்கையின் வேலை வாரியத்தை அங்கே வரவைப்பது. 33ஏ பிரிவு ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது.

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களின் கிராமசபையில் கிணற்று எண்களோடு தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பின் கையெழுத்திட்ட நகல் இல்லாமல் எழுந்து வராதீர்கள். பொதுத்தொல்லை என்ற அடிப்படையில் கோட்டாட்சியரிடம் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவில் மனு போடவும் வழி இருக்கிறது.

வாரியம் ஆய்வுக்கு வரும் தேதி ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதென்று சந்தேகம் வந்தால், அந்த வாரம் முழுக்க வாய்க்காலில் தினமும் மின்கடத்துத்திறனை அளந்து குறியுங்கள். ஆய்வு நாளில் மட்டும் அளவு பாதியாக இறங்கினால், நல்ல தண்ணீர் கலந்து விட்டார்கள் என்பதை அந்த வரிசையே சொல்லும்.

பசுமைத் தீர்ப்பாயம்

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. காலக்கெடுதான் பலரை வீழ்த்துவது. 2010 சட்டத்தின் 14-வது பிரிவில் மாசைத் தடுக்கக் கேட்கும் மனு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வர வேண்டும். போதிய காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடும் நிலநீர் மீட்பும் கேட்கும் 15-வது பிரிவுக்கு 5 ஆண்டு. அதிகாரிகளின் பதிலுக்காக ஓராண்டு காத்திருந்துவிட்டு 14-வது பிரிவில் போனால் கதவு சாத்தியிருக்கும். பாதிப்பு முதலில் தெரிந்த நாளிலிருந்து நான்கு மாதத்தை நாட்காட்டியில் குறித்து, அதற்குள் நடவடிக்கை இல்லையென்றால் மனுவைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம், ஆனால் மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு சேருங்கள். 19-வது பிரிவுப்படி தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. உங்கள் பதிவேடும் மஹஜரும் இங்கே நேரடியாக எடைபெறும்.

ஆலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆட்சியர், நிலத்தடி நீரைக் கவனிக்கும் துறை நால்வரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். மனுவில் "மாசைத் தடுக்க உத்தரவிடுக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான உத்தரவே வரும். நேரில் ஆய்வு செய்யும் கூட்டுக்குழு, குழு எடுக்க வேண்டிய கிணறுகளின் எண், ஆலைச் செலவில் குடிநீர், பாதித்த நிலத்துக்கு இழப்பீட்டு மதிப்பீடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டுக்குழு வரும் நாளில் உங்கள் வரைபடத்தையும் பதிவேட்டின் நகலையும் உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அவர்கள் எந்தக் கிணற்றை விட்டாலும் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் பெறுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் அதே கிணறுகளில், அதே மாதங்களில், அதே முறையில் அளப்பது தொடர வேண்டும். வெளியேற்றம் நின்றாலும் மண்ணில் தங்கிய உப்பு மழைக்கு மழை இறங்கிக்கொண்டிருக்கும். ஓரிரு ஆண்டு அளவு குறையாமலிருப்பதால் மட்டும் உத்தரவு மீறப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆலைக்கு மிக அருகிலுள்ள கிணற்றில் கோடைகாலத்திலும் அளவு திடீரென உயர்ந்தால் அது பழைய உப்பு மட்டும்தான் என்று விட்டுவிட முடியாது. அன்றே மாதிரி எடுத்து, உத்தரவை அமல்படுத்தக் கோரும் மனுவோடு அந்த வழக்கு எண்ணிலேயே தாக்கல் செய்யுங்கள்.